காதால் நடத்தும் சர்வர்

வீட்டில் சர்வர் வைத்து ஓட்டும் பைத்தியங்களுக்கென்று எங்களுக்கு ஓர் அரட்டைக் குழு இருக்கிறது. பெரும்பாலும் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பக்கத்துத் தமிழர்கள். அலுவலகங்கள் கழித்துப்போடும் பழைய கணினிகளை வாங்கி வந்து, ஸ்டோர் அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, வீட்டில் இருப்பவர்களின் முறைப்பைத் தாங்கிக்கொண்டு, அவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். அந்தக் குழுவில் ஒரு நாள் மதியம் ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது.

"வணக்கம். நான் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஒலிநூலகத்தப் பாத்துக்கறேன். எனக்குக் கண்ணு தெரியாது. ஒரு சின்ன சர்வர் போடணும், எந்த ஹைப்பர்வைசர் நல்லதுன்னு தெரியல. யாராச்சும் வந்து செஞ்சு கொடுத்துட்டுப் போங்கன்னு நான் கேக்கல. நான் செய்யறப்ப பக்கத்துல உக்காந்து, என்ன நடக்குதுன்னு சொல்ற ஆள் இருந்தா போதும்."

ஹைப்பர்வைசர் என்பது ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். பெட்டி ஒன்றுதான். உள்ளே மூன்றோ நான்கோ கணினிகள், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று கெட்டால் மற்றவை கெடாது. ஒன்றை அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்தலாம். இந்த வேலைக்கு மென்பொருள்கள் பல உண்டு. எது சிறந்தது என்று எங்கள் குழுவில் நடக்கும் சண்டைக்கு முன்னால் காற்பந்து ரசிகர்களின் சண்டை ஒன்றுமேயில்லை.

அன்றும் அதுதான் நடந்தது. ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள், சுட்டி அனுப்பினார்கள், ஒருவருக்கொருவர் மறுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கேட்டதன் இரண்டாம் பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை கிடையாது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறினால் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நான் வருகிறேன் என்று தனியாக எழுதினேன். அடுத்த நிமிடமே வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்பிவிட்டு, "கீழ சேலைக்கடை. பக்கத்துப் படியில மேல வாங்க" என்றார்.

படியேறிப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரே இருட்டு. யாருமில்லையோ என்று வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"வாங்க அண்ணே. சுவிட்ச் உங்க வலது கைப்பக்கம். நான் போட மறந்துடுவேன்."

விளக்கைப் போட்டேன். மேசைக்குப் பின்னால் என் வயதுதான் மதிக்கத்தக்க ஒரு பெண். ஒரு காதில் மட்டும் இயர்போன். எதிரில் மடிக்கணினி, அதன் திரை முழுக்கக் கறுப்பு. அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். இன்றுவரை இருவரும் வயதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அப்படியே பழகிவிட்டது.

முன்பு ஒரு பெரிய ஹோட்டலில் தொலைபேசி இயக்குநராக இருந்தவர். இயந்திரமே அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியதும் அந்த வேலை இல்லாமல் போனது. அதற்குள் மாலை வகுப்புகளில் கணினி கற்றிருந்தார். ஒலிநூலகத்தில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதன் கணினிகள் முழுவதும் அவர் பொறுப்பாயின. தன்னார்வலர்கள் வந்து, வெளிச்சத்தம் வராதபடி மெத்தை ஒட்டிய ஒரு சிறிய அறைக்குள் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார்கள். பார்வையற்ற உறுப்பினர்கள் வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் அவற்றைக் கேட்பார்கள். இவ்வளவையும் இரண்டு பழைய கணினிகள் தாங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு போச்சு அண்ணே. பவர் சப்ளைக்குள்ள பல்லி பூந்து செத்துப்போச்சு, அதோட சேத்து அதுவும் போச்சு. இன்னொண்ணு எப்ப போகும்னு தெரியல."

"அதான் புதுசா ஒண்ணு வாங்கி ஹைப்பர்வைசர் போடணுமா?"

"நான் போடணும்னு சொல்லல. எல்லாரும் சொல்றாங்க. எனக்கென்னமோ எதுக்கு நடுவுல இன்னொரு அடுக்குன்னு தோணுது. புதுப் பெட்டியில எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா முடிஞ்சது. நடுவுல ஒண்ணு வந்தா அதுவும் கெட்டுப்போகும்ல?"

நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் அடுக்குகளைச் சேர்ப்பதிலேயே குறியாக இருப்பவர்கள். நான் யோசித்து, இதுவரை அவருக்கு வந்த பெரிய சிக்கல் எது என்று கேட்டேன். நூல் பட்டியல் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தபோது ஒலிப்பதிவுகள் எதுவும் திறக்காமல் போனதைச் சொன்னார்.

"அதான் அக்கா. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கு. ஒண்ணுல கை வச்சா இன்னொண்ணு ஆடுது. பிரிச்சு வச்சா பட்டியல் கெட்டுப்போனாலும் பதிவுக்கு ஒண்ணும் ஆகாது. கை வைக்கறதுக்கு முன்னாடி அத அப்படியே காப்பி எடுத்துக்கலாம். சரியா வரலன்னா பழைய காப்பிய ஓடவிட்டுட்டுப் போயிடலாம்."

அவர், காப்பி எடுக்கும்போது ஓடுகிற கணினியை நிறுத்த வேண்டுமா, பாதி எழுதிய பதிவு என்னவாகும், பெட்டியே போய்விட்டால் காப்பி எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு பதிலை முழுக்க வாங்கிக்கொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கடைசியில், "சரி, பிரிச்சு வைப்போம்" என்றார். "ஆனா ஒண்ணு அண்ணே. நான் இல்லாம நீங்க செய்ய முடியறது முக்கியமில்ல. நீங்க இல்லாம நான் செய்ய முடியணும்."

இத்தனை வருடத்தில் நான் படித்த ஒப்பீட்டுக் கட்டுரைகள் எதிலும் இந்த அளவுகோல் இல்லை. வேகம், விலை, வசதி என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். ரயிலில் திரும்பும்போது அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறுபடியும் எடை போட்டுப் பார்த்தேன். எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் நான் கண்ணால்தான் பயன்படுத்தியிருந்தேன்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். என் வீட்டு ஸ்டோர் அறையில் இரண்டு கணினிகள் சும்மா கிடந்தன. அடுத்த சனிக்கிழமை அவர் கிள்ளானுக்கு வந்தார். நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்றதற்கு, வாடகைக் காரிலேயே வந்துவிடுவதாகச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். என் மனைவி அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் சிரித்தபடி, "நான் உங்க முழங்கையப் புடிச்சுக்கறேன், நீங்க நடங்க. அதான் எனக்குச் சுலபம்" என்றார். ஸ்டோர் அறையில் பொருள்கள் எது எது எங்கே என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, அரிசி மூட்டையைத் தானே நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் எனக்குப் பிடித்ததைக் காட்டினேன். நான் வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்ததும் அதுதான். உலாவியில் திறந்தால் இடப்பக்கம் எல்லாக் கணினிகளும் வரிசையாக இருக்கும், வலப்பக்கம் வரைபடங்கள் ஓடும். இலவசம், திறந்த மூலம், நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். அதன் மேல் எனக்குக் காதல் என்றே சொல்லலாம். அவர் மடிக்கணினியில் அதைத் திறந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் ஒலியை எனக்காக ஒலிபெருக்கியில் விட்டார். கொசு ரீங்காரம்போல ஏதோ ஓடியது. ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. "மெதுவாக்கறேன்" என்று குறைத்தார். அப்போதும் செய்தி வாசிப்பவரைவிட இரண்டு பங்கு வேகம்.

"பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்றது அந்தக் குரல்.

"அண்ணே, இங்க வரிசையா பட்டன் இருக்கு. ஒண்ணுக்கும் பேரில்ல. இதுல ஒண்ணு ஸ்டார்ட்டா இருக்கும், ஒண்ணு டிலீட்டா இருக்கும். எது எதுன்னு அமுக்கிப் பாத்துதான் கண்டுபிடிக்கணுமா?"

அப்படியும் அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பட்டனாகப் போய், என்னிடம் பெயரைக் கேட்டு, அவற்றின் வரிசையை நினைவில் ஏற்றி, புதிதாக ஒரு கணினியை உருவாக்கியே விட்டார். பிறகு அதன் திரையைத் திறந்தார். வாசிக்கும் குரல் நின்றுவிட்டது. என் கண்ணுக்கு அங்கே எழுத்துகள் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன தெரியுது?"

"எழுத்துதான் அக்கா. ஆனா அது எழுத்தா வரல. உள்ள இருக்கற திரைய படம் புடிச்சு அனுப்புது. உங்க சாஃப்ட்வேர் படத்தப் படிக்காது."

"அப்ப அது விழுந்து கெடந்தா, ஏன் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

அடுத்து, பெரிய அலுவலகங்களில் பயன்படுத்தும் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அதன் இணையப் பக்கத்தில் பட்டன்களுக்குப் பெயர் இருந்தது. ஆனால் பெட்டியிலேயே செய்ய வேண்டிய அமைப்புகள், மானிட்டரைப் பார்த்துச் செய்யும் மாதிரி இருந்தன. போதாததற்கு, இலவசப் பதிப்புக்கான நிபந்தனைகள் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. நாளைக்கு எப்படி இருக்குமோ என்று குழுவில் எல்லோருமே புலம்பிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தை அதன் மேல் கட்ட இருவருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாவதாக இருந்தது அழகே இல்லாத வழி. வெறும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதற்குள்ளேயே இருக்கும் வசதியைக் கொண்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினிகளை உருவாக்கி நடத்துவது. பட்டனும் இல்லை, வரைபடமும் இல்லை. அந்த அழகான பக்கங்களில் சிலவற்றுக்கு அடியில் ஓடுவதும் இதேதான். ஆனால் வீட்டில் அதை நேரடியாக ஓட்ட எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

அவர் ஒரு கட்டளையைத் தட்டினார். பதில் எழுத்தாகவே வந்தது. குரல் அதைப் படித்தது. இன்னொன்று தட்டினார், அதற்கும் பதில் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை என்னிடம் நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார். கட்டளைகளின் உதவிக் குறிப்புகளைத் தானே திறந்து, தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு வேகமாக ஒருவர் கையேடு படித்து நான் பார்த்ததில்லை.

புதிய கணினியை ஓடவிட்டதும் பழைய சிக்கலே திரும்ப வந்தது. அது ஓடுகிறது என்று கட்டளை சொன்னது. உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாத ஒரு திரையில் போய்க்கொண்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன்.

"இப்ப நீங்க படிக்கறீங்க" என்றார். "மத்த நாள்ல?"

என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் கறியும் கங்கோங் கீரைப் பிரட்டலும். அவர்கள் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் எந்த வாழையிலைக் கடையில் ரசம் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். என் வேலை தொழிற்சாலைக் கணினிகளைப் பராமரிப்பது. அங்கே பல இயந்திரங்களுக்குத் திரையே கிடையாது. சீரியல் போர்ட்டு என்னும் துளையில் ஒரு சீரியல் கேபிளை மாட்டி, நம் மடிக்கணினியில் அது சொல்வதைப் படிப்போம். அந்தக் கேபிளில் படம் வராது. எழுத்து மட்டும்தான் வரும்.

பாதிச் சாப்பாட்டில், "சீரியல் போர்ட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"கையக் கழுவிட்டுப் பேசுங்க" என்றாள் மனைவி.

உள்ளே ஓடும் கற்பனைக் கணினிக்கும் கற்பனையாகவே ஒரு சீரியல் கேபிளை மாட்ட முடியும். அது தொடங்கும்போது திரைக்கு அனுப்பும் வரிகளை அந்தக் கேபிள் வழியாகவும் அனுப்பும்படி சொல்லிவிட்டால் போதும். இரண்டே இடங்களில் திருத்தம். நான் சொல்லச் சொல்ல அவரே தட்டினார். முடிந்ததும் அந்தக் கேபிளில் நுழைவதற்கான கட்டளையைச் சொன்னேன். அவர் விசையை அழுத்தவில்லை.

"உள்ள போறது இருக்கட்டும். வெளிய வர்ற வழிய மொதல்ல சொல்லுங்க."

கண்ட்ரோல் விசையோடு மூடும் சதுர அடைப்புக்குறி விசையை அழுத்தினால் வெளியே வந்துவிடலாம் என்றேன். அந்த விசைகளை விரலால் தொட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு கணினியை நிறுத்தி, மறுபடி தொடங்கினார்.

குரல் கொட்டத் தொடங்கியது. நினைவகம், வட்டு, வலையமைப்பு என்று வரி வரியாக, நிற்காமல். ஸ்டோர் வாசலில் தேநீரோடு வந்த என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கடைசி வரி வரை அசையாமல் கேட்டார்.

"இவ்வளவு பேசுதா?" என்றார். "இத்தன வருஷமா, உள்ள நுழைய பேர் கேக்கற எடத்துலேந்துதான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ஏதோ செய்யுதுன்னு காத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அது சும்மா இருக்குன்னு நெனச்சேன்."

மறுபடியும் தொடங்கிக் கேட்டார். அதற்குப் பிறகும் ஒருமுறை. நாங்கள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டோம். அவருடையது ஆறிப்போயிருந்தது. அது என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று யாராவது கேட்கலாம். சீரியல் போர்ட்டு கணினி உலகத்தில் பழங்காலத்துச் சங்கதி. ஆனால் அந்த மதியம் அந்த முகத்தைப் பார்த்தபோது, என் தொழிலில் நான் செய்த உருப்படியான வேலைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன் என்று தோன்றியது.

பெட்டியை வாங்குவதற்கும் இப்போது ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. மின்சாரம் வந்த கணத்திலிருந்து, எந்த மென்பொருளும் ஏறுவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரைகளையும் எழுத்தாகவே வலையமைப்பு வழியாக அனுப்பக்கூடிய சர்வர்கள் உண்டு. ஓர் அலுவலகம் மாற்றிக்கொண்டு விற்ற அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். பல்லி நுழையாதபடி அதன் பின்பக்கத் துளைகளுக்கு மெல்லிய கம்பிவலையை அவரே வெட்டி ஒட்டினார். பிரிக்பீல்ட்ஸ் மாடியில், கீழே சேலைக்கடைப் பாட்டு முழங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் அவர்தான் நிறுவினார். நான் திருகுகளை முறுக்கினேன், சாப்பிட இரண்டு முறை நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்தேன்.

உள்ளே மூன்று கணினிகள். பதிவுகளை வைத்திருப்பதற்கு அலமாரி, பதிவுகளைத் திருத்தும் வேலைக்கு மேசை, நூல், உறுப்பினர் பட்டியல்களோடு உறுப்பினர்கள் வந்து கேட்கும் பக்கத்துக்கு ஜன்னல் என்று அவரே பெயர் வைத்தார். தினமும் மாலையில் மூன்றுக்கும் காப்பி எடுத்துத் தனி வட்டில் வைக்கும் ஏற்பாட்டையும் எழுதினார். எழுதியதும் ஒரு வேலை செய்தார். அதை நினைத்தால் இன்றும் அவர் மேல் மரியாதை கூடுகிறது. வேண்டுமென்றே ஜன்னலை அழித்துவிட்டு, காப்பியிலிருந்து மீட்டார். எங்கள் குழுவில் காப்பி எடுப்பதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மீட்டுப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிறகு சில மாதங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை. இடையில் ஒருமுறை, எனக்குப் பிடித்த அந்த முதல் மென்பொருளைச் செய்பவர்களுக்குப் பெயரில்லாத பட்டன்களைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொன்னார். "நல்ல சாஃப்ட்வேர்தான் அண்ணே. பட்டனுக்குப் பேர் வைக்க மட்டும் மறந்துட்டாங்க" என்றார். மரியாதையான பதில் வந்ததாம். அடுத்த பதிப்பில் சில பட்டன்களுக்குப் பெயர் வந்திருந்தது.

பெட்டி விழுந்த நாளில் நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குள் இருந்தேன். அங்கே கைத்தொலைபேசியைக் காவல்கூண்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்து மதியம் வெளியே வந்து வாங்கிப் பார்த்தால், அவரிடமிருந்து தவறிய அழைப்புகளும் அவற்றுக்குக் கீழே குரல் பதிவுகளும் வரிசையாக இருந்தன. லோரிகள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் இருந்து கேட்டேன்.

"அண்ணே, பின்னால ரோட்டுல ஏதோ தோண்டறாங்க, கரண்ட்டு போய்ப் போய் வருது. கரண்ட்டு போனா தாங்கற பேட்டரியும் எறங்கிடுச்சு. பெட்டி ரெண்டு தடவ அப்படியே விழுந்து எழுந்திருச்சு."

அடுத்தது: "அலமாரியும் மேசையும் வந்துடுச்சு. ஜன்னல் வரல. கேபிள்ல போய்க் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அடுத்ததில் அவர் குரல் இன்னும் மெதுவாக இருந்தது. பின்னணியில் அந்த வேகக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "வட்டுல பிழை இருக்காம். சரிசெய்யட்டுமான்னு கேக்குது, ஆமாவா இல்லையான்னு. நான் ஆமான்னு சொல்லல. மொதல்ல இது கெட்டுப்போனது கெட்டுப்போனபடியே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கறேன். அப்புறமா சொல்றேன்."

நான் காரைக் கிளப்பவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் யோசிக்காமல் ஆமாம் என்று அடித்திருப்பேன்.

"சரிசெஞ்சிடுச்சு, ஆனா பட்டியல் தெறக்கல. நேத்து சாயந்தரக் காப்பிய வேற பேருல எறக்கறேன். இத அழிக்கல."

கடைசிப் பதிவு சிறியது. "ஓடுது அண்ணே. மூணு பேரு கேட்டுக்கிட்டிருக்காங்க. நீங்க எங்க, சாப்பிட்டீங்களா?"

திருப்பிக் கூப்பிட்டேன். "நான் உள்ள இருந்தேன் அக்கா, போன் கையில இல்ல" என்றேன்.

"நெனச்சேன். மொதல்ல கூப்பிட்டப்ப கொஞ்சம் பயந்துதான் போனேன்லா. நீங்க எடுக்கல. சரி, அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்னு உக்காந்துட்டேன். கேக்க ஆரம்பிச்சதும் பயம் போயிடுச்சு."

"அப்புறம் வரவே இல்லையா?"

"ஆமா இல்லன்னு கேட்டுச்சு பாருங்க, அப்ப வந்துச்சு. அதான் எதையும் அமுக்காம காப்பி எடுத்தேன்."

அடுத்த சனிக்கிழமை நான் போனேன். அந்த நாளுக்கு முந்தின மாலைக்குப் பிறகு சேர்ந்த சில உறுப்பினர்களின் விவரம் மீட்ட பட்டியலில் இல்லை. அவர் எடுத்து வைத்திருந்த கெட்டுப்போன காப்பியைத் திறந்து இருவருமாகத் தேடினோம். அதில் அவை பத்திரமாக இருந்தன. அந்தக் காப்பி இல்லையென்றால் அவர்களைத் திரும்பக் கண்டுபிடித்திருக்க முடியாது. இதை அவரிடம் சொன்னேன். "ஆமா" என்றார். அதற்கு மேல் அதில் அவருக்கு ஒன்றும் இல்லை. பேட்டரியைப் பெரியதாக மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு ஒரு ஞாயிறு காலை, பசியாறிவிட்டு ஸ்டோர் அறைக்குள் போய், என் வீட்டுக் கணினிகளையும் அந்த அழகில்லாத வழிக்கே மாற்றினேன். வரைபடங்கள் போய்விட்டன. மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, ஒண்ணுமே ஓடல?" என்று கேட்டாள். எல்லாம் ஓடுகிறது என்றேன். இப்போது ஏதாவது தகராறு என்றால், அது என்ன சொல்கிறது என்று முதல் வரியிலிருந்து படிக்கிறேன். முன்பெல்லாம் பட்டனைத்தான் தேடுவேன்.

போன மாதம் செமினியிலிருந்து ஒருவர் கேட்டு அனுப்பியிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், கண்பார்வை குறைந்துகொண்டே வருகிறது. தன் பழைய வகுப்புப் பதிவுகளையும் குடும்பப் புகைப்படங்களையும் வைக்க வீட்டிலேயே ஒரு சின்ன சர்வர் வேண்டும். என் காரில் போனோம். வழி முழுக்க அக்கா தொலைபேசியில் எதையோ கேட்டுக்கொண்டே வந்தார். என்னவென்று விசாரித்தால், லினக்ஸ் புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகள்.

அந்த வீட்டில் பெட்டியை மேசைக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. இருட்டாக இருந்ததால் நான் காரில் இருந்து டார்ச்சு எடுத்து வரப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா தரையில் முழங்காலிட்டு, கேபிள்களை மாட்டி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். ஆசிரியர் பக்கத்து நாற்காலியில் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா மடிக்கணினியின் ஒலியைக் கூட்டினார், வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார்.

"சார், இப்ப அது பேசப் போவுது. எல்லாம் புரியணும்னு இல்ல. புரியாத சொல்லு வந்தா மட்டும் என்னை நிறுத்துங்க."

முதல் வரியிலேயே ஆசிரியர் கையைத் தூக்கினார். அக்கா சிரித்துவிட்டு அந்த வரியை விளக்கத் தொடங்கினார். நான் வாசலுக்குப் போய், ஆசிரியரின் மனைவி கொண்டுவந்த கோப்பியை வாங்கிக்கொண்டேன். வேலை முடிய நேரமாகும் என்று அவரிடம் சொன்னேன்.